உதவாதீங்க

முதலில் போனது உள்பாடியின் பின்கொக்கி.
முன்னால் மாட்டிப் பின்னால் திருப்பிக்கொள்ளப் பழகினேன்.
பிறகு கொண்டை.
பிறகு பஸ்ஸில் மேல்கம்பி.
பழங்காநத்தத்தில் ஏறி பெரியார் நிலையம் வரை
யார் மீதாவது சாய்ந்தே வந்தேன்,
என்ன நினைத்தார்களோ.

விளக்குத்தூண் பக்கம், மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு.
பதினாறு வருடம்.
தலைக்கு மேலே நான்கு தட்டு.
ஒருத்தி வந்து உட்கார்ந்தால் நாற்பது சேலை இறங்கும்,
அவள் எழுந்து போனால் நாற்பதும் ஏறும்.
"வேற காட்டுங்க" என்றால்
காதுக்கு முன்பே என் வலது கை கிளம்பிவிடும்.

உட்காரலாம் என்று சட்டம் வந்த வருடம்
ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது.
என் ஸ்டூலில்
காலி அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.

காரணம் சொல்லாதவர் யாரும் இல்லை.
கேஷியர் வாயு என்றார்.
எதிர்வீட்டு லூர்து அக்கா, ஒருக்களித்துப் படுக்கிறாய் என்றாள்.
பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள்
(இருந்தது, கொஞ்சம்),
படத்தில் எலும்பு நன்றாக இருந்தது.
வயது நாற்பத்தேழு, பெண், உறைந்த தோள்,
ஒன்றரை வருடத்தில் தானே இளகும் என்றார்கள்.
தீபாவளிக்கு ஐந்து மாதம்தான் இருந்தது.

சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஹாஜிராவின் அறை.
'ஆஸ்டியோபதி' என்று பலகை.
ஆஸ்தி விவகாரம் என்று நினைத்துக்கொண்டு
பத்திரத்தோடு படியேறி வருகிறவர்களும் உண்டாம்.
ஒரு தடவைக்கு அறுநூறு.
லீவு போட்டால் சம்பளத்தில் முந்நூற்று எண்பது.
கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன்.

முதலில் தோளைத் தொடவே இல்லை.
நடக்கச் சொன்னாள்.
தட்டிலிருந்து சேலை எடுப்பதுபோல்
காற்றிலிருந்து எடுக்கச் சொன்னாள்.
"எடுக்கும்போது மூச்சை எங்க வைக்கிறீங்க?"
அதை வைப்பதற்கு இடம் ஒன்று உண்டென்றே
எனக்குத் தெரியாது.

படுத்தேன்.
தோள்பட்டைச் சிப்பிக்கு அடியில் ஒரு கை,
விலாவின் கீழ்வரிசையில் ஒரு கை.
எண்ணெய் இல்லை, நெட்டி முறிக்கவில்லை.
பூட்டாத கதவுக்கு வெளியே நின்று
உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல்
வெறுமனே இருந்தன அந்தக் கைகள்.

பிறகு முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள்.
"நான் தூக்கறேன். நீங்க உதவாதீங்க."
உதவவில்லை என்றேன்.
"உதவறீங்க."
சட்டென்று பிடியை விட்டாள்.
என் கை அங்கேயே நின்றது, அந்தரத்தில்,
துணி போடாத கொடிபோல.
சிரித்துவிட்டேன். சிரித்தால் வலித்தது.

கையை முழுசாக அவளிடம் கொடுக்க
மூன்று வாரம் பிடித்தது.
இவ்வளவு கனமா இது?

"இப்ப என் கையைத் தள்ளுங்க. கால்வாசி பலம் போதும்."
கால்வாசியாக எதையும் செய்து பழக்கமில்லை.
ஐந்து எண்ணினாள். விடுங்க என்றாள்.
விட்ட இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே போனது.

எலும்பில் பழைய துக்கம் தங்கும் என்பார்களே, கேட்டேன்.
"எலும்புக்கு ஞாபகமெல்லாம் கிடையாதுக்கா.
மேல்விலா இறுகிக் கெடக்கு.
மூச்சை அடக்கிக்கிட்டே தூக்கறீங்க. அவ்வளவுதான்."
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது,
பஸ் ஏறும்வரை.

ஆகஸ்டில் தங்கை நிக்காஹுக்குச் சேலை எடுக்க
ஹாஜிராவே கடைக்கு வந்தாள்.
என் கொண்டை திரும்பிவிட்டிருந்தது. கொக்கி இன்னும் இல்லை.
"மேல எடுக்காதீங்கக்கா, கீழ இருக்கறதே போதும்."
மேல்தட்டில்தான் இருந்தது அந்த நாவல்பழ நிறம்.
மூச்சை விட்டுக்கொண்டே எடுத்தேன்.

முந்தியைத் தடவிப் பார்த்தாள்.
அப்போதுதான் கவனித்தேன்:
வலது கட்டைவிரலைச் சுற்றி பிளாஸ்திரி,
இடது தோள் ஒரு பக்கமாகத் தாழ்ந்து.
ஒரு நாளைக்கு எத்தனை கை தூக்குவாள்.

"உங்களுக்கு யாரு பாக்கறாங்க?"

அவள் நிமிரவில்லை.
"வேற காட்டுங்க" என்றாள்.